கணக்கில் வராத மழை

...மூடியாயிற்று, மூடியது மூடியதுதான், இனி அதையே நினைத்துக்கொண்டிருந்தால் ரவிக்கை முடியாது என்று சொல்லிக்கொண்டு கலைவாணி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவளின் கால் மிதிக்கட்டையில் இருந்ததே தவிர மிதிக்கவில்லை, காது மட்டும் படியேறிப் போய் மொட்டைமாடியில் நின்றுகொண்டது... டொக் டொக்கென்று இரண்டு மூன்று சொட்டு, அப்புறம் சடசடவென்று குண்டான் மேல் மழை, அலுமினியக் குண்டான் இல்லையா, சும்மா இருக்குமா, தெருவுக்கே சொல்லிவிடுவதுபோல் அடிக்கிறதே, பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்திருக்கலாம், ஆனால் வாளி காற்றில் பறந்துவிடும், குண்டான்தான் அந்த மழைமானியின் வாய்க்குக் கச்சிதமாக உட்கார்ந்தது, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டு வந்தாள். யாருக்கும் கேட்காது, அவரவர் வீட்டுத் தகரத்தில் விழுகிற மழையே அவரவர் காதை அடைத்துவிடும், அப்புறம் என்ன பயம், பயமெல்லாம் இல்லை, தங்கச்சி கேட்டாள், இவள் செய்தாள், கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி... இரண்டு தடவை ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், இரண்டு தடவையும் நூல் ஊசிக்கு வெளியே போனது.

எல்லாம் அந்த வெற்றிச்செல்வனால் வந்தது, செங்கத்துப் பையன், இன்ஜினியர், பார்த்தால் கல்லூரியில் படிக்கிறவன் மாதிரி இருப்பான், அவன்தான் வீடு வீடாக மாடி பார்த்துக்கொண்டு வந்து, அக்கா உங்க மாடிதான் மரம் மட்டை மறைக்காம நல்லா திறந்து கீது, இங்கயே வச்சிடலாமா என்று கேட்டான், மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள், மழை வெயில் எது வந்தாலும் தாங்கும் நகரம் என்று, நம்ம ஊர் எப்போது நகரமானது என்று சிரித்தவர்கள்கூட பேனர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாடியில் இடுப்புயரத்துக்கு ஒரு கம்பி, அதன் மேல் புனல் வாய் வைத்த வெள்ளைப் பெட்டி, பள்ளிக்கூடத்து மைதானத்தில் உயரமான கம்பம், கம்பத்து உச்சியில் சைரன், பெட்டி இத்தனை மழை என்று சொன்னால் சைரன் அலறும், அலறினால் மலைச்சரிவில் இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்துவிட வேண்டும், மண்ணு சரிஞ்சாலும் உயிருக்குச் சேதம் இல்ல என்றான். நல்ல விஷயம்தானே, யார் வேண்டாம் என்பார்கள், இது பொய் சொல்லாதுக்கா, மனுசன்தான் பொய் சொல்லுவான், இதுக்கு அது தெரியாது என்று பெட்டியைத் தட்டிக் காட்டினான். அன்றைக்கு அவனுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு அனுப்பினாள், பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டாள், அதைத் தொட்டாலோ மறைத்தாலோ கேஸ் என்று அவன் சொன்னதற்கும் சேர்த்துத்தான் தலையாட்டினாள்... யார் போய் அதைத் தொடப் போகிறார்கள் என்றுதானே அப்போது நினைத்தாள்.

முதல் தடவை அலறியது புரட்டாசிக் கடைசியில், வாரச்சந்தை நாள் வேறு, தராசைப் போட்டுவிட்டு ஓடியவர்கள், கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியவர்கள், பள்ளிக்கூடம் முழுக்கக் கோழிச் சத்தம், விடிய விடியக் காத்திருந்தார்கள், ஒரு கல்கூட உருளவில்லை. இரண்டாம் தடவை ஐப்பசியில், அப்போதும் யாரோ ஒருவருடைய ஆட்டுக்கொட்டகைச் சுவர் விழுந்தது, அவ்வளவுதான், அது சும்மா நின்றிருந்தாலும் விழுந்திருக்கும். எதிர்வீட்டு ரத்தினம்மாள் இருக்கிறாளே, அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது, மிஷினுக்குச் சளி புடிச்சாகூட ஊளை வுடுது என்றாள், தெருவே சிரித்தது, கலைவாணியும் சிரித்தாள். சிரிப்பு நின்றது அதற்கப்புறம் ஊரைக் கூட்டி வைத்துப் போட்ட கூட்டத்தில்தான், ஒரே மழைக்காலத்தில் மூன்று தடவை சைரன் ஒலித்தால் அந்தச் சரிவு அபாயப் பகுதி என்று பதிவாகும், பதிவானால் அங்கே வீடு கூடாது, கரண்ட்டு நிறுத்தப்படும், இருப்பவர்களுக்கு மலைக்குக் கீழே செங்கத்துப் பக்கம் மாடி வீடு தரப்படும் என்று திட்ட அதிகாரி மைக்கில் படித்தார், நல்ல மனிதர்தான், படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். கலைவாணிதான் எழுந்து, சார், ஒண்ணுமே ஆகலன்னாலும் கணக்கா சார் என்று கேட்டாள். சட்டத்துல ஒலித்தால்னுதாம்மா இருக்கு, சரிந்தால்னு இல்ல, உங்க உயிர் மேல இருக்கிற அக்கறையிலதான் போட்டிருக்காங்க என்றார் அவர். அக்கறை என்று சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்... உட்கார்ந்தாள், பக்கத்தில் தங்கச்சி அருணா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அருணாவின் வீடு அந்தச் சரிவில்தான், போன தையில்தான் தளம் போட்டார்கள், அவள் புருஷன் சின்னராசு வருஷக் கணக்காக வெளியூரில் கட்டட வேலை செய்து, ஊரார் வீட்டுக்கெல்லாம் சித்தாளாகக் கல் சுமந்து, கடைசியில் தனக்கென்று கட்டிய வீடு, இன்னமும் வெளிப்பூச்சு இல்லை, ஆனால் வாசலுக்கு மட்டும் ரோஸ் நிற டைல்ஸ் ஒட்டிவிட்டாள் மகராசி. வீட்டுக்கு மேலே சாமைக் காடு, பக்கத்தில் இரண்டு புளியமரம், கீழே போய் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதைத் தின்பது, சாமையைப் பால்கனியிலா விதைப்பார்கள்... அவன் இப்போதும் வெளியூரில்தான் இருக்கிறான், இவள் கைக்குழந்தையோடு தனியாக. முந்தாநாள் வந்து இதே முக்காலியில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், யக்கா, இன்னொரு பெரிய மழ வருதாம், வந்தா அத்த மூடி வச்சிடு யக்கா, ஒரு தபா, இந்த மழக்காலம் போய்ட்டா போதும். மூட முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கலைவாணி கேட்கவில்லை, தெருவுக்கே தெரியுமே, சாமைப் பொங்கலன்றைக்கு நடந்ததுதானே, இவர்கள் தெருவில் ஒரு வழக்கம், புதுச் சாமையைப் பொங்கி அம்மனுக்குப் படைத்து முடிக்கும்வரை வானத்தைப் பார்த்து எந்தப் பாத்திரமும் வாய் திறந்து இருக்கக் கூடாது, அவள் உண்பதற்கு முன்னால் எந்த வாயும் மழையை வாங்கிவிடக் கூடாது என்று, குடம், வாளி, மாட்டுத்தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவார்கள், கவிழ்க்க முடியாததை மூடிவிடுவார்கள். ரத்தினம்மாள் அண்ணாந்து பார்த்து, இன்னாடி, உன் மாடில இதுவும் வாய தொறந்துதானே கீது என்றாள், சொன்னதோடு நிற்காமல் ஏறிப்போய் முறத்தால் மூடி, மஞ்சள் துணியால் கட்டியும் விட்டாள், பக்தியாகத்தான் செய்தாள், ஒரு சூதும் இல்லை. அன்றைக்கென்று கொட்டியது பாருங்கள் மழை, பொங்கல் அடுப்பே அணைந்துபோனது, தெருவே தொப்பலாக நனைந்து நிற்கும்போது எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் பெட்டிக் கணக்கை வைத்து வரும் மெசேஜ், இன்று உங்கள் பகுதியில் மழை இல்லை என்று, நனைந்துகொண்டே படித்தார்கள், படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் சிரிப்பும் இருந்தது, சிரிப்புக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது.

போன் அடித்தது, கலைவாணி தூக்கிவாரிப்போட எழுந்தாள், புருஷன் அருணகிரி, செங்கத்துக்குப் புளி மூட்டை ஏற்றிப் போனவர். பஸ்ஸ கீழயே நிறுத்திட்டாங்க, மேல ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குதாம், நான் இங்கயே ஒக்காந்துனு கீறேன், அங்க எப்படி மழ என்றார். பெய்துங்க என்றாள். பெருசா? ...பெருசுதாங்க. சைரன் அடிச்சிச்சா என்று கேட்டார். இல்லீங்க என்றாள், அதுவரைக்கும் பொய் இல்லை, அப்ப பரவால்ல என்று அவர் நிம்மதியாகச் சொல்லி வைத்துவிட்டார், அந்தப் பரவால்ல மட்டும் அவள் காதிலேயே நின்றது. இவர் என்ன, மிஷினைக் கண்டாலே கிண்டல் பேசுகிற மனுஷன், ஊளை விடுது என்று ரத்தினம்மாள் சொன்னதை நாலு பேரிடம் போய்ச் சொன்னவர், அவரே அடிக்கவில்லை என்றதும் பரவால்ல என்கிறாரே... அடித்தால் நம்பாதவர்கள், அடிக்காததை மட்டும் எப்படி நம்புகிறார்கள்? யோசித்துப் பார்த்தால் அவளும் அப்படித்தான், மழை இவ்வளவு பெய்கிறது, மூடியதை நினைத்துப் பயப்படுகிறாளே தவிர மலையை நினைத்து ஏன் பயப்படவில்லை, கேஸ் போடுவார்களா, வெற்றிச்செல்வன் முகத்தில் எப்படி விழிப்பது, குண்டான் சத்தம் கேட்குமா, இதையேதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாட்டிக்கொள்வோமா என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டு மற்ற பயத்துக்கு இடமே கொடுக்கவில்லை, சீ, என்ன ஜென்மம்.

மழை இப்போது சாய்ந்து அடித்தது, கதவைத் திறந்து வாசலில் நின்றாள், தெருவில் ஓடுகிற தண்ணீர் நிறம் மாறியிருந்தது, காலையில் வெறும் தண்ணீராகப் போனது இப்போது செம்மண்ணாகப் போகிறது, அதில் வேர், தழை, யாரோ நட்ட மரவள்ளிக் குச்சி... சரிவுப் பக்கம் பார்த்தாள், எதுவும் தெரியவில்லை, வெள்ளையாக மழைதான் தெரிந்தது. வேண்டாம், போதும், எடுத்துவிடலாம், அடிக்கட்டும், மூன்றாவது தடவை என்றால் மூன்றாவது தடவை, வீடு போனால் போகட்டும், அருணா ஆறு மாதம் பேசமாட்டாள், பேசாவிட்டால் போகிறாள், உயிரோடு இருந்து பேசாமல் இருந்தால் போதும் என்று படியேறி ஓடினாள். கல்லைத் தள்ளினாள், குண்டானைப் பிடுங்கி எறிந்தாள், அது உருண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. பெட்டி மழையை வாங்கிக்கொண்டது, அப்பாடா என்று நின்றாள், பள்ளிக்கூடத்துக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இப்போது அலறும், இதோ இப்போது... அலறவில்லை. நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு வெற்றிச்செல்வனுக்குப் போன் போட்டாள், தம்பி, இங்க மழ பயங்கரமா கீது தம்பி, சைரன் இன்னாத்துக்கு அடிக்கல? இருங்கக்கா பாக்குறேன் என்றான், கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம், அக்கா உங்க பெட்டி இப்பதான் கணக்கே ஆரம்பிக்குது, காலையிலர்ந்து சீரோதான் கீது, அதுக்குள்ள கரண்டி மாதிரி ஒண்ணு கீதுல்ல, அது ரொம்பி ரொம்பிக் கவுந்தாதான் கணக்கு ஏறும், இப்பதானே தூற ஆரம்பிச்சிருக்கு, பயப்படாதீங்க என்றான். தூறலா? தலையிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் இறங்க, இல்ல தம்பி, காலையிலர்ந்து பெய்து தம்பி என்றாள். அக்கா, பெட்டி அப்படிச் சொல்லலயேக்கா.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, குண்டான் மேல் விழுந்த மழையெல்லாம் விழாத மழை, சட்டத்துக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, பெட்டிக்கு மழையே இப்போதுதான் பிறக்கிறது, அது சைரன் அடிக்க வேண்டுமானால் இதுவரை பெய்த அத்தனையும் திரும்ப முதலிலிருந்து பெய்ய வேண்டும்... மண்ணுக்குள் இறங்கினது இறங்கினதுதானே, மலை அதைச் சீரோ என்று எடுத்துக்கொள்ளுமா? நீயே கையால அடிச்சு வுடு தம்பி என்றாள். கையால அடிக்க முடியாதுக்கா, யாராவது புரளி கிளப்பி அடிச்சிடக் கூடாதுன்னு ரூலே அப்படித்தான் போட்டிருக்காங்க, பெட்டி சொன்னாதான், ஆமா, இன்னா ஆச்சு, பெட்டி மேல ஏதாவது விழுந்து கெடந்துதா? கேட்டானே ஒரு கேள்வி, எவ்வளவு நல்ல பிள்ளை, தப்பிக்க வழியையும் அவனே திறந்து வைக்கிறானே, ஆமாம் தம்பி, தென்னமட்டை என்று சொல்லிவிட்டால் முடிந்தது, வாய்வரை வந்துவிட்டது... நாந்தான் தம்பி மூடி வச்சேன் என்றாள். அந்தப் பக்கம் அக்கா என்று மட்டும் ஒரு குரல், திட்டியிருந்தால்கூடத் தேவலை, நான் மேல சொல்லிப் பாக்குறேன், நேரம் எடுக்கும், நீங்க போய் சரிவுல கீறவங்கள கெளப்பி வுடுங்க என்று அவசரமாகச் சொல்லி வைத்தான்.

அருணா போனை எடுக்க இத்தனை நேரமா, எடுத்தாள், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், பின்னால் ஏதோ பாட்டு. அருணா, கெளம்பு, புள்ளய தூக்கினு இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போ என்றாள். இன்னாக்கா, இன்னா ஆச்சு? தண்ணி செம்மண்ணா ஓடுதுடி. மழன்னா அப்படித்தான் ஓடும், சைரன்தான் அடிக்கலயே யக்கா. நீதானடி மூடச் சொன்ன, எப்படிடீ அடிக்கும்? அது தெரியும்... என்று இழுத்தாள், இருந்தாலும் அடிக்கலயே யக்கா, அடிச்சா வர்றேன், சும்மா கெளம்பினா ரத்தினம்மா மூலம் ஊருக்கே தெரிஞ்சிடும், நாமளே அபாயம்னு ஒத்துக்கினோம்னு ஆயிடும், அப்புறம் வூடு போய்டும். இதற்கு மேல் போனில் என்ன பேசுவது, இவள் தலையில் அடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள், குடையும் இல்லை செருப்பும் இல்லை, போகிற வழியில் ரத்தினம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள், அவள் ஒரு கதவை மட்டும் திறந்து எட்டிப் பார்த்து, சைரன் அடிச்சிச்சா என்றாள். இல்ல, அடிக்காது, நான் மூடிட்டேன், எல்லாரையும் கெளப்பு என்று கலைவாணி தெரு நடுவில் நின்று கத்தினாள், மானம் போனால் போகட்டும். ரத்தினம்மாள் உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள், வருகிறார்களா இல்லையா என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை, சேற்றில் கால் புதைந்து புதைந்து வந்தது, அங்கங்கே இரண்டு கதவு திறந்தது, திறந்த வேகத்தில் மூடியும் கொண்டது.

ரோஸ் டைல்ஸ் மேல் செம்மண் ஏறி நின்றது, வாசற்படி எதுவென்றே தெரியவில்லை, கலைவாணி கதவை இரண்டு கையாலும் அடித்தாள். திறந்தாள் அருணா, இடுப்பில் குழந்தை, அதன் வாயோரம் பருக்கை, வெளியே இருக்கிற தண்ணீரைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது, ஆனாலும் காலை வெளியே வைக்கவில்லை. வாடி என்றாள் கலைவாணி, வர்றேன் யக்கா, இரு, ஒரு நிமிசம் என்றாள் அருணா, நிமிஷம் எதற்கு, எதை எடுக்கப் போகிறாள், எதையும் எடுக்கவில்லை, அப்படியே நின்றாள். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் எங்கேயோ சிறு கற்கள் உருளுகிற சத்தம், இல்லை மழைதானோ, இருவருக்கும் கேட்டது, கேட்டதும் அருணா சட்டென்று தலையைத் திருப்பினாள், சத்தம் வந்த மலைப்பக்கம் அல்ல, அக்காளின் தோளுக்கு மேலாக, தூரத்தில் மழைக்குள் மங்கலாகத் தெரிந்த பள்ளிக்கூடத்துக் கம்பத்தை, அது சொல்லட்டும் என்பதுபோல். அடி பைத்தியக்காரி, அங்க இன்னாடி பாக்குற என்று கத்த வாயெடுத்த கலைவாணி, தன் கழுத்தும் அதே பக்கம் திரும்பியிருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.